பேப்பரில் சித்தப்பா பெயர்

பேப்பர் வந்ததும் கோர்ட் அறிவிப்புகளைத்தான் முதலில் படிப்பேன். ஊர் வம்பை அச்சில் படிக்கிற சுகம், வேறென்ன. போன மாதம் பாளையங்கோட்டை டீக்கடையில் பிரித்தால், எங்கள் சித்தப்பா பெயர்! 'மேற்படி 2-ம் எதிர்வாதி காலை 10.30 மணிக்கு நேரிலோ வக்கீல் மூலமாகவோ ஆஜராகத் தவறினால் ஒருதலைப்பட்சமாகத் தீர்மானிக்கப்படும்.' தாத்தா பெயரும் இருந்தது, எழுத்துப்பிழையோடு.

வாதி வேறு யாருமில்லை, அத்தைதான். தாமிரபரணிப் பாசனத்தில் கிடக்கிற பூர்வீக வயலில் பங்கு கேட்டிருக்கிறாள். பூர்வீகச் சொத்தில் மகள்களுக்கும் சம பங்கு என்று 1989-ல் தமிழ்நாடு கொண்டுவந்த சட்டம் அதற்கு முன்பே கல்யாணமான பெண்களை விட்டுவிட்டது. இந்து வாரிசுரிமைச் சட்டத்தில் மத்திய அரசு செய்த 2005 திருத்தம்தான் அவர்களையும் சேர்த்தது. வக்கீல் சொல்லித்தான் அத்தைக்கே தெரியுமாம்.

சித்தப்பா பம்பாய் போய் இருபது வருஷம். ஊர் விலாசத்துக்குப் போன சம்மன் திரும்பிவர, கோர்ட் உத்தரவின்பேரில் பேப்பரில் போட்டுவிட்டார்கள். அவர் படித்தாலும் படிக்காவிட்டாலும் சட்டப்படி சம்மன் சேர்ந்த மாதிரிதான். அவர் நம்பர் என்னிடம் இருந்தது, யாரும் கேட்கவில்லை.

படம் எடுத்து வாட்ஸப்பில் அனுப்பினேன். ராத்திரி போன் வந்தது.

"ஏல, அப்பா பேரையாவது ஒழுங்காப் போடச் சொல்லக்கூடாதால?"