அப்பன் குடிச்சா பிள்ளையும் குடிப்பானா?

எங்க யாங்கூன்ல தமிழ் வீடுகள்ல ஒரு பையன் கொஞ்சம் முரண்டு பிடிச்சா போதும், அப்பன் புத்தி எங்க போகும்னு சொல்லிடுவாங்க. எங்க அப்பா குடிச்சே போனாரு, தம்பியும் அப்படியே போயிட்டான். இப்ப தம்பி மகனுக்கு 14 வயசு, அவன் காதுபடவே இத பேசுறாங்க, எனக்கு வயிறு எரியுது.

2012ல அமெரிக்காவுல ஓரிகன்ல ஒரு ஆராய்ச்சி வந்துச்சு, சின்னதுதான், ஆனா மனசுலயே நிக்குது. 13லேர்ந்து 15 வயசு பிள்ளைங்க, யாருக்கும் குடிப்பழக்கம் இல்ல, சில பேரு குடும்பத்துல மட்டும் குடிநோய் உண்டு. எம்ஆர்ஐ ஸ்கேனுக்குள்ள படுக்க வச்சு சக்கரம் சுத்துற காசு விளையாட்டு ஆட விட்டாங்க, துணிஞ்சு பெரிய தொகைக்கு போறியா, பத்திரமா சின்னத எடுத்துக்கிறியான்னு. ரெண்டு பக்கமும் ஆடுனது ஏறக்குறைய ஒரே மாதிரிதான். ஆனா துணிஞ்சு எடுக்குற நேரத்துல, குடிநோய் இருந்த குடும்பத்து பிள்ளைங்களுக்கு நெத்திக்கு பின்னால யோசிச்சு முடிவெடுக்குற பகுதியும் சிறுமூளையும் கம்மியாத்தான் வேலை செஞ்சிருக்கு. பழக்கம் வர்றதுக்கு முன்னாடியே!

உடனே விதின்னு சொல்லிடாதீங்க. குடிக்கிறவங்க பிள்ளைங்கள்ல பாதிக்கு மேல குடிநோயாளி ஆகுறதே இல்ல. பரம்பரையோட பங்கு சுமாரா பாதி, மீதி வீடு, கூட்டாளி, எந்த வயசுல ஆரம்பிக்கிறாங்கங்கிறது எல்லாம் சேர்ந்துதான். 1997ல அமெரிக்காவுல ஒரு கணக்கு வந்துச்சு, 15 வயசுக்கு முன்னாடி குடிக்க ஆரம்பிச்சவங்கள்ல 40 சதவீதம் பேரு பின்னாடி அடிமையாயிருக்காங்க, 20க்கு மேல ஆரம்பிச்சவங்கள்ல சுமார் 10தான். நெத்திக்கு பின்னால உள்ள அந்த பகுதி முழுசா வளரவே 25 வயசு கிட்ட ஆகும்.

நாம என்ன பண்றோம், ஏப்ரல்ல பர்மா புத்தாண்டுக்கு ஒருத்தர் மேல ஒருத்தர் தண்ணி ஊத்துற தின்ஜான் திருவிழா வந்தா தண்ணி ஊத்தி ஆடிக்கிட்டே, ஆம்பளப் பிள்ளைதானே ஒரு மடக்கு குடிடான்னு பியர் கிளாஸ நீட்டுறோம், அதுவும் சொந்த மாமா சித்தப்பாதான்.

அவனே ஒரு நாள் கேட்டான், "அத்தை, நானும் அப்பா மாதிரி ஆயிடுவேனா?" நான் மறைக்கல. ஆகணும்னு இல்லய்யா, ஆனா உன் கூட்டாளிய விட உனக்கு ஆபத்து ஜாஸ்தி, அவன் குடிச்சாலும் நீ தொடாதன்னு சொன்னேன். நிறைய கேள்வி கேட்டான், தெரிஞ்சதெல்லாம் சொன்னேன்.

இந்த ஏப்ரல்ல வீட்டுக்கு வர்ற எல்லாருக்கும் சொல்லிட்டேன், அவன் கையில யாரும் கிளாஸ் குடுக்க கூடாதுன்னு. ரெண்டு பேரு கோவிச்சுக்கிட்டு வரமாட்டோம்னுட்டாங்க. வர வேணாம்.