ஊர் வரலாறு எழுத கண்மாயில் இறங்குங்கள்

இங்கிலாந்தில் ஒரு குக்கிராமத்தின் கதையை எழுதுகிறவருக்குப் பாதி வேலையை மாதாகோயில் பதிவேடே முடித்துக் கொடுத்துவிடும். 1538-இல் தாமஸ் குரோம்வெல் போட்ட உத்தரவுப்படி ஞானஸ்நானம், கல்யாணம், அடக்கம் மூன்றையும் பங்குதோறும் எழுதத் தொடங்கினார்கள். மதுரை மாவட்டத்து மேலூர்ப் பக்கத்துச் சிற்றூர்களுக்கு அப்படி ஒரே புத்தகம் கிடையாது. கோயில், கண்மாய், தாலுகா ஆபீஸ் மூன்றுக்கும் நடக்க வேண்டும்.

பலரும் கோயிலுக்குத்தான் முதலில் போவார்கள். ஆனால் அங்கே கல்வெட்டு எழுத்தெல்லாம் சுண்ணாம்புக்கும் பெயிண்டுக்கும் அடியில் கிடக்கும். திருப்பணியில் கல்லே இடம் மாறியிருக்கும். கண்மாய்க்குள் நிற்கும், தண்ணீரை வெளியே விடும் குமிழி மடையின் கல்தூண்களை அவ்வளவாக யாரும் தொடுவதில்லை. மடை செய்து கொடுத்தவர் பெயர் அதில் வெட்டியிருக்க வாய்ப்புண்டு. தண்ணீர் வற்றும் சித்திரை, வைகாசியில் போங்கள். பாசியை எடுக்க வெறும் தண்ணீரும் மெத்தென்ற பிரஷும் போதும். கம்பிப் பிரஷும் ஆசிடும் கூடவே கூடாது, போன எழுத்து போனதுதான். இருட்டியபின் டார்ச்சைக் கல்லை ஒட்டிச் சாய்த்துப் பிடித்தால், பகலில் கண்ணுக்குப் படாத கீறல்கூட எழுத்தாக எழும்பி நிற்கும்.

வாசிக்கும்போது சறுக்குவது இங்கேதான்: பழைய கல்லில் பெரும்பாலும் மெய்யெழுத்துக்குப் புள்ளி இராது, எகர ஏகாரத்துக்கு ஒரே கொம்பு, ரகரமும் காலும் (‘ா’) ஒன்றுபோலவே இருக்கும். ஒரே ஊர்ப்பெயரை இரண்டு மூன்று விதமாகப் படிக்கலாம். முதலில் இருக்கிறபடியே எழுதிக்கொண்டு, பிறகு பொருள் பாருங்கள்.

அரசன் பெயரை மட்டும் பார்த்து வருஷம் போட்டுவிடாதீர்கள். சுந்தரபாண்டியர் பலர். கல்வெட்டின் தொடக்கத்தில் அரசன் புகழைச் சொல்லும் மெய்க்கீர்த்தி ‘பூமருவிய திருமடந்தையும்’ என்று தொடங்கினால், அது 1216-இல் பட்டத்துக்கு வந்த மாறவர்மன் சுந்தரபாண்டியன். யானைமலை நரசிங்கர் குடைவரையில் இருப்பதுபோலக் கலியுகத் தொடக்கத்திலிருந்து எண்ணும் கலியாண்டே கிடைத்தால் கொடுப்பினை: 3871-இல் 3101-ஐக் கழித்தால் கி.பி. 770.

தாலுகா ஆபீஸ் கணக்கெல்லாம் பசலி என்ற வருவாய் ஆண்டில் இருக்கும். கி.பி. ஆண்டு தெரிய 590-ஐக் கூட்டுங்கள், பசலி ஜூலை 1-இல் பிறப்பதால் ஜனவரி முதல் ஜூன் வரை 591. முல்லைப் பெரியாற்று அணைத் தண்ணீரைப் பாசனத்துக்குத் திறந்த 1895 அக்டோபர், பசலி 1305. மேலூர்ப் பக்க ஊர் என்றால் அதற்கு முந்தைய செட்டில்மென்ட் (நிலவரி நிர்ணயப்) பதிவேட்டையும் பிந்தையதையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். எந்தெந்தப் புஞ்சை நஞ்சையானது, அது அப்போது யார் பட்டாவில் இருந்தது என்பதைச் சர்வே நம்பர் வாரியாக எழுதுங்கள். நம்பர் மறுசர்வேயில் மாறியிருக்கும். பழைய நம்பருக்குப் புது நம்பர் காட்டும் பட்டியலையும் கூடவே கேட்டு வாங்குங்கள்.