மனநல இல்லத்தில் தரையைப் பார்த்தது போதும், பதிவேட்டைக் கேளுங்கள்

நீண்டகால மனநலப் பராமரிப்பு இல்லம் ஒன்றைப் பார்க்கப் போகிறவர்கள் தரை சுத்தமாக இருக்கிறதா, படுக்கை விரிப்பு மாற்றியிருக்கிறார்களா, ஊழியர்கள் முகம் கொடுத்துப் பேசுகிறார்களா என்று கவனிக்கிறார்கள். கவனிக்க வேண்டியவைதான். ஆனால் இவை எல்லாவற்றையும் ஒரே காலையில் சரிசெய்துவிடலாம். ஆறு மாத மருந்துப் பதிவேட்டை அப்படிச் சரிசெய்ய முடியாது. செய்தாலும் காட்டிக்கொடுத்துவிடும்: ஒரே பேனா, ஒரே கையெழுத்து, ஒரு வேளைகூட மறுக்கப்படாத மாதம். முப்பது பேர் ஒரு மாதம் முழுக்க ஒரு மாத்திரையைக்கூட வேண்டாம் என்று சொல்லாத இல்லம் எங்கும் கிடையாது.

இத்தகைய இல்லங்களில் பராமரிப்பு கெட்டுப்போகப் பெரும்பாலும் கொடுமை காரணமாக இருப்பதில்லை. "அவர் அப்படித்தான்" என்ற பழக்கம் போதும். பல வருடம் ஒரே ஆளைப் பார்க்கும் ஊழியருக்கு அவர் செய்வதெல்லாம் நோயாகவே தெரிய ஆரம்பிக்கிறது. உடம்பில் வரும் கோளாறு, மருந்தின் பக்கவிளைவு, வெறும் சலிப்பு எல்லாமே அந்த ஒரே கணக்கில் எழுதப்படுகின்றன.

ஒருவர் தாழ்வாரத்தில் ஓயாமல் நடக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். உட்காரச் சொன்னால் உட்கார்ந்து, அரை நிமிடத்தில் எழுந்துவிடுகிறார். நிற்கும்போதும் கால் மாற்றிக் கால் மாற்றி நிற்கிறார். பதிவேட்டில் 'கிளர்ச்சி' என்று விழுகிறது. 'தேவைப்பட்டால்' என்று மருத்துவர் எழுதிவைத்த ஹாலோபெரிடால் என்ற மனச்சிதைவு மருந்து கொடுக்கப்படுகிறது. மறுநாள் இன்னும் அதிகமாக நடக்கிறார். இது அகதீசியாவாக இருக்கலாம். மனச்சிதைவு மருந்துகளே உண்டாக்கும் தாங்கமுடியாத உள்பரபரப்பு அது. அதற்கு அதே வகை மருந்தைக் கூட்டினால் எரிகிற தீயில் எண்ணெய்தான். பிரித்தறிய இரண்டு காரியம் போதும். நடை தொடங்கிய தேதியையும் மருந்து தொடங்கிய அல்லது அளவு கூட்டிய தேதியையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது ஒன்று. "மனசு அமைதியில்லையா, இல்லை கால் சும்மா இருக்க விடவில்லையா?" என்று அவரிடமே கேட்பது இன்னொன்று. பதிலை அப்படியே மருத்துவரிடம் சொன்னால் அவர் அளவைக் குறைக்கலாம், மருந்தை மாற்றலாம், இந்தப் பரபரப்பைத் தணிக்கும் புரோப்ரனலால் போன்ற ஒன்றைச் சேர்க்கலாம்.

ஆகவே, கேட்க வேண்டிய முதல் தாள் 'தேவைப்பட்டால்' மருந்துகளின் பதிவு. ஒவ்வொரு முறைக்கும் நான்கு விஷயங்கள் எழுதப்பட்டிருக்க வேண்டும்: கொடுத்த நேரம், கண்ணால் கண்டது என்ன, மருந்துக்கு முன் வேறென்ன முயன்றார்கள், ஒரு மணி நேரம் கழித்து அவர் எப்படி இருந்தார். கண்டது என்றால் 'கிளர்ச்சி' என்ற முடிவை எழுதுவது ஆகாது. 'கதவைத் தட்டி அக்காவுக்குப் போன் கேட்டார்' என்று எழுத வேண்டும். நான்காவது கட்டம் காலியாகவே கிடக்கும் இல்லங்கள்தான் அதிகம். பிறகு நேரங்களை மட்டும் வரிசையாகப் பாருங்கள். மருந்து கொடுத்ததில் பெரும்பகுதி இரவு ஷிஃப்டிலோ, ஒரே ஊழியர் இருக்கும் நாட்களிலோ விழுந்திருந்தால், குறை ஆள்பலத்திலோ அந்த ஊழியரின் பயிற்சியிலோ இருக்க வாய்ப்பு அதிகம்.

மற்ற மருந்துகள் பலிக்காத மனச்சிதைவுக்குத் தரும் க்ளோசபினை எடுப்பவர்கள் இருந்தால் அந்த இல்லத்தின் தரத்தை அதை வைத்தே எடைபோடலாம். இந்த மருந்து இரத்த வெள்ளையணுக்களைக் குறைக்கக்கூடும் என்பதால் இரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். அட்டவணை சுவரில் தொங்கும். காய்ச்சலோ தொண்டை வலியோ வந்தால் அட்டவணைக்குக் காத்திராமல் அன்றே பரிசோதிக்க வேண்டும் என்பது இரவு ஊழியருக்கும் தெரியுமா? அதைக் கேளுங்கள். மலச்சிக்கல் அடுத்தது. கேட்க அற்பமாக இருக்கும், ஆனால் க்ளோசபின் குடலின் அசைவையே மந்தமாக்கி, அடைப்பு வரை கொண்டுபோய் உயிரைப் பறிக்கக்கூடியது. "மலம் போனீர்களா?" என்று கேட்டு 'சரி' என்று குறிப்பது போதாது, எத்தனை நாளைக்கு ஒருமுறை, இறுகலா இளகலா என்று எழுத வேண்டும். மூன்று நாள் போகாவிட்டால் செவிலியருக்குச் சொல்ல வேண்டும். வயிறு உப்பி வலியோ வாந்தியோ சேர்ந்தால் நேரே அவசரப் பிரிவு.

பலருக்கும் தெரியாத இன்னொன்று உண்டு. புகைபிடிப்பவர் நிறுத்தினால் க்ளோசபினின் அளவு இரத்தத்தில் ஏறும். புகையில் உள்ள வேதிப்பொருட்கள் அந்த மருந்தை உடைக்கும் கல்லீரல் நொதியைத் தூண்டிக்கொண்டே இருக்கின்றன. புகை நின்றதும் தூண்டுதலும் நின்றுவிடும். நிக்கோட்டின் பட்டை ஒட்டினாலும் இது மாறாது, ஏனென்றால் வேலை செய்தது புகை, நிக்கோட்டின் அல்ல. "இன்று முதல் வளாகத்தில் புகைக்கக்கூடாது" என்று அறிவிப்பு ஒட்டும் நிர்வாகம் அதற்கு முன்பே மருத்துவரிடம் பேசி, மருந்தளவைப் பரிசோதிக்க ஏற்பாடு செய்திருக்க வேண்டும். செய்யாவிட்டால், அளவுக்கு மீறிய தூக்கம், எச்சில் வடிதல், வலிப்பு என்று வரும். அப்போதும் "அவர் அப்படித்தான்".

வார இறுதிக்கு வீட்டுக்குப் போய்த் திரும்புகிறவர் இரண்டு நாள் க்ளோசபின் எடுக்காமல் விட்டிருந்தால், திங்கள் மாலை சீட்டில் உள்ள பழைய அளவை அப்படியே கொடுப்பது ஆபத்து. 48 மணி நேரத்துக்கு மேல் இடைவெளி விழுந்தால் 12.5 மி.கி.யிலிருந்து மறுபடி படிப்படியாக ஏற்ற வேண்டும். இல்லாவிட்டால் இரத்த அழுத்தம் சரிந்து மயங்கி விழக்கூடும். திரும்பி வந்தவுடன் மாத்திரைகளை எண்ணிப் பார்க்கும் வழக்கம் இருக்கிறதா என்று கேட்டால் பாதி பதில் கிடைத்துவிடும்.

இருமுனை மனநோய்க்குத் தரும் லித்தியத்தைப் பற்றிச் சுருக்கமாக. இரத்தத்தில் அதன் அளவைப் பார்க்க இரத்தம் எடுப்பது கடைசி வேளைக்கு 12 மணி நேரம் கழித்து. காலை மாத்திரையைக் கொடுத்துவிட்டு எடுத்த அளவை நம்ப முடியாது. வயிற்றுப்போக்கு, வாந்தி, கடும் வெயில், இபுப்ரோஃபென் போன்ற வலி மாத்திரை, எல்லாமே அளவை ஏற்றும். கை பெரிதாக நடுங்குவது, தள்ளாடுவது, பேச்சு குழறுவது தெரிந்தால் அடுத்த வேளையை நிறுத்திவைத்து உடனே மருத்துவரை அழைக்க வேண்டும்.

தீவிர மனநோய் உள்ளவர்கள் மற்றவர்களைவிடப் 10 முதல் 20 ஆண்டுகள் முன்னதாக இறக்கிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. பெரும்பாலும் காரணம் இதயம், சர்க்கரை, நுரையீரல் போன்ற, தடுக்கக்கூடிய உடல்நோய்கள். புதிய மனச்சிதைவு மருந்து தொடங்கினால் முதல் ஆறு வாரம் வாராவாரம் எடை, பிறகு மூன்றாம் மாதம் எடையோடு இரத்தச் சர்க்கரையும் கொழுப்பும், அதன் பிறகு குறைந்தது ஆண்டுக்கு ஒருமுறை. எடையை எழுதிவைக்கும் இல்லங்கள் பல. எட்டுக் கிலோ கூடியபோது யாருக்குச் சொன்னார்கள், என்ன மாறியது என்று காட்டக்கூடியவை சில. பல், சாப்பிடும்போது புரையேறுவது ஆகிய இரண்டும் ஏறக்குறைய எங்குமே பதிவேட்டில் இருப்பதில்லை. மருந்தால் விழுங்கும் தசைகள் மந்தமானவர் அவசரமாகச் சாப்பிட்டால் மூச்சடைத்து இறக்கலாம். சாப்பாட்டு நேரத்தில் ஒருவராவது உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

தண்ணீரை வாளி வாளியாகக் குடிப்பவர்களையும் கவனிக்க வேண்டும். குழாயைப் பூட்டுவது தீர்வில்லை. கழிப்பறைத் தண்ணீரைக் குடிக்கத் தொடங்குவார்கள். காலையிலும் மாலையிலும் எடை பாருங்கள். 60 கிலோ உள்ளவர் மாலைக்குள் 3 கிலோ கூடியிருந்தால் இரத்தத்தில் சோடியம் என்ற உப்பு இறங்கிக்கொண்டிருக்கலாம். குழப்பமோ வாந்தியோ சேர்ந்தால் வலிப்பு தூரத்தில் இல்லை.

இனி, நாள் முழுக்கப் படுத்திருப்பவர். இங்கேதான் நோய் என்ற விளக்கம் மிகவும் வசதியாகப் பொருந்துகிறது, ஓரளவு உண்மையும்கூட. ஆனால் 1960களில் இங்கிலாந்தின் மூன்று மனநல மருத்துவமனைகளில் ஜான் விங்கும் ஜார்ஜ் பிரவுனும் நீண்டகால மனச்சிதைவு நோயாளிகளைத் தொடர்ந்து ஆராய்ந்தபோது, சும்மா இருக்கும் நேரம் குறைந்ததுதான் முன்னேற்றத்தோடு மிக நெருக்கமாகச் சேர்ந்து வந்தது. மருந்து மாற்றங்களைவிட அது முக்கியமாகத் தெரிந்தது. சுவரில் ஒட்டிய நடவடிக்கை அட்டவணையை நம்பாதீர்கள். மாலை நான்கிலிருந்து ஆறுவரை கூடத்தில் உட்கார்ந்து, கால் மணிக்கொரு முறை யார் என்ன செய்கிறார்கள் என்று குறித்துப் பாருங்கள். தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்திருப்பதைச் செயல்பாடு என்று கணக்கில் சேர்க்க வேண்டாம்.

ஊழியர் படுக்கையை மடித்துவைத்தால் இரண்டு நிமிடம். அங்கே வசிப்பவரையே மடிக்கவைக்க இருபது நிமிடம். ஆள் குறைவான ஷிஃப்டில் முதல் வழிதான் நடக்கும், அதைக் குறைசொல்லவும் முடியாது. ஆனால் எப்போதும் அதுவே நடந்தால் இருந்த திறமையும் போய்விடும். ஒவ்வொருவருக்கும் எழுதும் பராமரிப்புத் திட்டத்தில் 'சுயபராமரிப்பை மேம்படுத்துதல்' என்று எழுதியிருந்தால் அதில் எதையும் அளக்க முடியாது. 'வாரம் மூன்று நாள், ஒருமுறை நினைவூட்டினால், தானே குளிப்பது' என்று இருந்தால் மூன்று மாதம் கழித்து நடந்ததா இல்லையா என்று தெரியும். சென்ற ஆண்டுத் திட்டத்தையும் வாங்கிப் பக்கத்தில் வையுங்கள். தேதி மட்டும் மாறியிருப்பது அடிக்கடி கண்ணில் படும்.

சின்னச் சின்ன அதிகாரங்களையும் கேட்டுப் பாருங்கள். அறைக்கு உள்தாழ்ப்பாள் உண்டா? ஊழியர் தட்டிவிட்டு, பதில் வரும்வரை நிற்கிறாரா? வசிப்பவருடைய பணம் யாரிடம் இருக்கிறது, கொடுக்கும்போது கையொப்பம் இடுவது யார்? எட்டு மணிக்கு எல்லோரும் படுத்துவிட வேண்டும் என்றால் அது யாருடைய தூக்கத்துக்காக? கடைசியாக, இங்கிருந்து இதைவிடக் குறைந்த உதவியுள்ள இடத்துக்கு யாராவது மாறிப் போயிருக்கிறார்களா, எப்போது என்று கேளுங்கள். இந்தக் கேள்விகளை நிர்வாகியிடம் கேட்டதோடு நிறுத்தாமல், அங்கே வசிப்பவர் ஒருவரிடமும் தனியாகக் கேளுங்கள். தனியாகப் பேச விடவில்லை என்றால் வேறு இல்லம் தேடுங்கள்.