'ரன்' என்றால் ஓடு மட்டுமா? எஸ் எடுத்தவள் பி எடுத்த கதை

போன கிழமை சாதாரண தரப் பரீட்சைப் பெறுபேறு வந்தது. ஆங்கிலம் பி. முதல் தடவை எஸ், அதாவது வெறும் சாதாரண சித்தி. அம்மா மலையில் கொழுந்து பறித்துவிட்டு வந்து கூடையை இறக்கி வைக்கும்போதே சொன்னேன். "அப்ப இனி அந்தப் பரீட்சைக்குக் காசு கட்டத் தேவையில்லதானே?" என்று கேட்டார். அவ்வளவுதான் எங்கள் வீட்டுக் கொண்டாட்டம்.

சாதாரண தர ஆங்கிலப் பேப்பர் எப்படி வரும் என்று இங்கே விளக்கப் போவதில்லை. எழுதப் போகிறவர்களுக்கு அது தெரியும். நான் சொல்ல வந்தது ஒரே ஒரு சொல்லைப் பற்றி. ரன்.

முதல் தடவை நான் படித்த விதம் இது: சீ.ஆர். கொப்பியில் நடுவே கோடு, இந்தப் பக்கம் ஆங்கிலச் சொல், அந்தப் பக்கம் தமிழ். ரன் என்றால் ஓடு, டேக் என்றால் எடு, கெட் என்றால் பெறு. ஆயிரம் சொல்லுக்கு மேல் தலைகீழாகச் சொல்வேன். அதனால் எஸ் வந்தபோது பேப்பர் திருத்தியவர்களைத்தான் திட்டினேன். என் மேல் பிழை இருக்கலாம் என்று தோன்றவே இல்லை.

உயர்தரம் படித்துக்கொண்டே இரண்டாம் தடவைக்காக ஹட்டனில் ஒரு வகுப்புக்குப் போனேன். அங்கே ஒரு மாதிரி வினாத்தாள். நான்கு நண்பர்கள் மலை ஏறுகிறார்கள். நடுவில் ஒரு வரி: "பை நூன் தே ஹேட் ரன் அவுட் ஒஃப் வாட்டர்." ஏன் பாதியில் திரும்பினார்கள் என்பது கேள்வி. தண்ணீரை விட்டு வெளியே ஓடி வந்ததால் களைத்துப் போனார்கள் என்று நான் எழுதியிருந்தேன். சேர் அதை வகுப்பு முழுக்கக் கேட்க வாசித்தார். "மலை உச்சியில இவங்களுக்கு மட்டும் நீச்சல் குளம் கட்டிக் குடுத்திருக்கு இந்தப் பிள்ளை" என்றார். பின் வாங்கில் இருந்த பையன்கள் அந்த மாதம் முழுக்க என்னை 'நீச்சல்' என்றுதான் கூப்பிட்டார்கள்.

ரன், அவுட், வாட்டர் எல்லாமே எனக்குத் தெரிந்த சொற்கள். வரிதான் தெரியவில்லை. தண்ணீர் தீர்ந்துவிட்டது, அவ்வளவுதான் அதன் அர்த்தம். 2022இல் மண்ணெண்ணெய்க்குக் கேனோடு வரிசையில் நின்றவள் நான். நாடே எதுவும் இல்லாமல் தீர்ந்து கிடந்த அந்த நாட்களில் ஆங்கிலச் செய்தியில் ஓயாமல் வந்தது இதே 'ரன் அவுட்' தான். கேட்டும் காதில் ஏறவில்லை.

தம்பியிடம் சொன்னேன். "ரன் அவுட் ஆனா ஆட்டம் முடிஞ்சுதானேக்கா?" என்றான். கிரிக்கெட்டில் அதன் பொருள் வேறு என்று எனக்கும் தெரியும். ஆனாலும் ஞாபகம் வைக்க அதுவே போதுமாக இருந்தது.

அதற்குப் பிறகு பழைய கொப்பியை மூடிவிட்டேன். ஒரு வினைச்சொல்லுக்கு ஒரு பக்கம் ஒதுக்கினேன். தனிச்சொல்லை எழுதுவதே இல்லை, பக்கத்தில் வரும் சொல்லோடு சேர்த்து முழு வரியாக மட்டும். என் வழி மொத்தமும் இதுதான். மற்றதெல்லாம் நீங்கள் விட்டாலும் பரவாயில்லை, இதை விடாதீர்கள்.

எழுத எழுதத்தான் தெரிந்தது, நம் 'ஓடு' பாதி வழிக்குக் கூட வருகிறது. ஆறு ஓடும், பஸ் ஓடும், மோட்டார் ஓடும். "இன்னைக்கு ஸ்டோர் ஓடுதா?" என்று தோட்டத்தில் தேயிலைத் தொழிற்சாலையைக் கேட்கிறோமே, அங்கேயும் ரன் தான். அதைப் பற்றிக் கட்டுரை வந்தால் தயங்காமல் போடலாம். அப்புறம் பாதை பிரிகிறது. தமிழில் ரோடு போகும், ஆங்கிலத்தில் அதுவும் ரன். மாமா கடை நடத்துகிறார், ஆங்கிலத்தில் அதற்கும் ரன். மூக்கு ஒழுகினால் ரன். துவைக்கும்போது சிவப்புச் சட்டையின் சாயம் வெள்ளையில் இறங்கினாலும் ரன். ஆனால் லொறி ஓட்டும் அப்பாவுக்கு ரன் போடாதீர்கள், அங்கே டிரைவ்.

ஒக்ஸ்ஃபோர்ட் பெரிய அகராதியில் இந்தச் சொல்லுக்கு வினைச்சொல்லாக மட்டும் 645 அர்த்தம். பயப்பட வேண்டாம். நம் பரீட்சைக்கு இவ்வளவு போதும்:

- ரன் அவுட் ஒஃப்: தீர்ந்துபோதல். ஆள் முன்னால் வந்தால் 'ஒஃப்' வேண்டும் (வீ ரேன் அவுட் ஒஃப் ரைஸ்). பொருள் முன்னால் வந்தால் வேண்டாம் (த ரைஸ் ரேன் அவுட்). "எங்களுக்கு அரிசி முடிஞ்சுது" என்று தமிழில் யோசித்துவிட்டு 'டு அஸ்' என்று தொடங்கினால் கதை முடிந்தது.
- ரன் இன்டு: ஒருவரை எதிர்பாராமல் சந்திப்பது. மோதுவதற்கும் இதுதான். முன்னால் பின்னால் உள்ள வரியைப் பாருங்கள்.
- ரன் ஓவர்: வாகனம் ஏறிப் போவது.
- ரன் அவே: ஓடிப்போவது. இது நமக்கு எளிது.
- ரன்ஸ் இன் த ஃபேமிலி: பரம்பரையாக வருவது.
- ரன், ரேன், ரன். ஹேவ், ஹேஸ், ஹேட் வந்தால் மூன்றாவது. 'ஹேஸ் ரேன்' என்று நான் எத்தனை தடவை எழுதியிருக்கிறேன் என்று எண்ணினால் அழுகை வரும்.
- ரயில், பஸ் நேர அட்டவணை பற்றிய வரியில் 'ரன்ஸ்' தான், 'இஸ் ரன்னிங்' இல்லை. பதுளைக்கு ரயில் தினமும் ஓடுகிறது, இப்போது கண்ணெதிரே ஓடுவதைப் பற்றிய பேச்சு அல்ல. அந்த 'எஸ்' எழுத்தையும் விட்டுவிடாதீர்கள், பெறுபேற்றில் எஸ் வாங்கியவள் சொல்கிறேன்.

கடைசி இரண்டு மாதம் கடந்தகால வினாத்தாள் மட்டும்தான் செய்தேன். பந்தியை முதலில் பேனா இல்லாமல் வாசிப்பேன். தெரிந்த சின்னச் சொல் ஒன்று அந்த இடத்தில் பொருந்தாமல் நின்றால் அடுத்த சொல்லைப் பார்ப்பேன். தெரியாத பெரிய சொற்கள் என்னை ஏமாற்றியதே இல்லை. ஏமாற்றியதெல்லாம் மூன்றெழுத்துச் சொற்கள்.

விடியற்காலையில் எழுந்து படிக்கச் சொல்வார்கள். எங்கள் லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், நாலு மணிக்கே தண்ணீர் பிடிக்கும் பீலியடியில் வாளிச் சத்தம் தொடங்கிவிடும். நான் இரவில் எல்லாரும் படுத்த பிறகு படித்தேன். கண்ணாடி முன்னால் நின்று ஆங்கிலம் பேசிப் பழகவும் சொன்னார்கள். எனக்கு அது வரவே வராது, ஒரு நாளும் செய்யவில்லை. பேசக் கூச்சமில்லாதவர்கள் செய்து பாருங்கள்.

இரண்டாம் தடவை கட்டுரையை மாமாவின் கடையில் இருந்துதான் தொடங்கினேன். 'மை அங்கிள் ரன்ஸ் அ ஸ்மோல் ஷொப்.' பழைய நானாக இருந்தால் மாமாவைக் கடைக்குள் நடக்க விட்டிருப்பேன்.

பெறுபேறு வந்த அன்று பின்னேரம் சேருக்கு ஃபோன் எடுத்தேன். பெயரைச் சொன்னேன், பிடிபடவில்லை. ஊரைச் சொன்னேன், அதற்கும் இல்லை. கடைசியில் வெட்கத்தை விட்டு "நீச்சல் குளம், சேர்" என்றேன்.

"அட, நீயாம்மா! என்ன வந்திருக்கு?" என்றார்.