பால்மரத்தைப் பிடித்துக்கொண்டு வரலாறு படித்த கதை

ஹிஸ்டரிக்கு எந்தப் புத்தகம் படிக்கலாம் மாமா என்று போன வாரம் அக்கா மகள் கேட்டாள். உயர்நிலை மூன்றில் இருக்கிறாள். கோப்பிக்கடையில் உட்கார்ந்து பதில் சொல்ல ஆரம்பித்தேன், தேத்தண்ணி ஆறிப்போனதுதான் மிச்சம், பேச்சு முடியவில்லை. அதனால் எழுதியே வைக்கிறேன், வேறு யாருக்காவது உதவினாலும் சரி.

முதலில் என் லட்சணத்தைச் சொல்லிவிடுகிறேன். சிங்கப்பூரில் உயர்நிலைப் பள்ளி முடிவில் எழுதும் ஓ லெவலுக்கு முந்தைய பிரிலிம் தேர்வில் என் கட்டுரைத் தாள் திரும்பி வந்தபோது ஓரத்தில் ஐந்து இடத்தில் சிவப்பு மையில் ‘அதனால் என்ன?’ என்று எழுதியிருந்தது. தேதியில் ஒரு பிழை கிடையாது. 1942 பிப்ரவரி 8 இரவு ஜப்பானியர் தரையிறங்கினார்கள், 11-ஆம் தேதி புக்கிட் தீமா கைவிட்டுப் போனது, 15-ஆம் தேதி ஃபோர்டு தொழிற்சாலையில் பிரிட்டிஷ் தளபதி பெர்சிவல் சரணடைந்து கையெழுத்துப் போட்டார் என்று கோயிலில் அர்ச்சனை மாதிரி வரிசையாகச் சொல்லியிருந்தேன். சிங்கப்பூர் ஏன் விழுந்தது என்ற கேள்விக்கு அதில் பதிலே இல்லை. போதாக்குறைக்கு ‘பீரங்கிகள் எல்லாம் கடலைப் பார்த்து இருந்தன, திருப்ப முடியவில்லை’ என்று வேறு அடித்துவிட்டிருந்தேன். பெரும்பாலானவற்றைத் திருப்ப முடிந்தது, திருப்பிச் சுடவும் செய்தார்கள். கப்பலின் இரும்புக் கவசத்தைத் துளைக்கும் குண்டுகள்தான் அதிகம் இருந்தன, காட்டுக்குள் பரவி வரும் காலாட்படைக்கு அவை பெரிதாக உதவவில்லை. இந்த ஒரு கதையை நம்பி இன்னும் எத்தனை பேர் மதிப்பெண் இழக்கிறார்களோ.

அந்தத் தாளைப் பையில் வைத்துக்கொண்டு விக்டோரியா ஸ்ட்ரீட் தேசிய நூலகத்துக்குப் போனேன். 11-ஆம் மாடியில் சிங்கப்பூர் பற்றிய நூல்கள் இருக்கின்றன. அங்கேதான் ஒன்று உறைத்தது. நூலக எண்முறையில் இரண்டாம் உலகப் போர் 940-இல், சிங்கப்பூர் வரலாறு 959-இல், அரசியல் 320-இல், செடிகொடி பூச்சியெல்லாம் 500-களில், ரப்பர் பயிர் 633-இல் இருக்கும். நடந்தது எல்லாம் இதே தீவில், அடுக்கி வைத்திருப்பது வேறு வேறு அலமாரியில். நாமும் அப்படித்தான் படிக்கிறோம், போருக்கு ஒரு பாடம், குடியேற்றத்துக்கு ஒரு பாடம். ஒன்றைப் படிக்கும்போது மற்றது நினைவுக்கே வருவதில்லை.

ஆகவே நான் செய்தது இதுதான்: ஒரே ஒரு பொருளைப் பிடித்துக்கொண்டு எல்லா அலமாரிக்கும் போனேன். நான் பிடித்தது ரப்பர். காரணம், எங்கள் பாட்டி ஜொகூரில் தோட்டத்தில் பால்மரம் சீவியவர். விடியுமுன் உளியும் வாளியும் எடுத்துக்கொண்டு போனது, மங்கில், அதாவது மரத்தில் கட்டிய கிண்ணத்தில், பால் நிரம்புவதற்குள் மழை வந்தால் அன்றைய கூலி போனது, ஒட்டுப்பால் நாற்றம் சேலையை விட்டுப் போகாதது, எல்லாம் சின்ன வயதிலிருந்தே காதில் விழுந்த கதை. அது பாடப்புத்தகத்தோடு சேரும் என்று மட்டும் எனக்குத் தோன்றியதே இல்லை.

இயற்கை அலமாரியில் தொடங்கினேன். பிரேசில் காட்டு மரம் லண்டன் கியூ தோட்டம் வழியாக 1877-இல் 22 கன்றுகளாகச் சிங்கப்பூர் வந்தது. 1888-இல் தாவரவியல் பூங்காவின் பொறுப்பை ஏற்ற ரிட்லி, மரத்தைச் சாகடிக்காமல் பட்டையை மெல்லச் சீவிப் பால் எடுக்கும் முறையைக் கண்டார். தோட்டக்காரர்களிடம் விதையை நீட்டிக்கொண்டே இருந்ததால் அவருக்குப் பைத்தியக்காரன் என்ற பெயர் வேறு. அப்புறம் மோட்டார் கார் வந்தது, டயர் வந்தது, ரப்பர் விலை எகிறியது. மரம் இருக்கிறது, சீவ ஆள்? குடியேற்ற அலமாரிக்குப் போனால் தோட்டத்துக்கு ஆள் சேர்க்கும் கங்காணி நிற்கிறார், சொந்த ஊருக்குப் போய் ஆள் கட்டிக்கொண்டு கப்பலேறுகிறார். அரசியல் அலமாரியில் 1938 வருகிறது, கூலியைக் குறைத்ததால் இந்திய அரசு மலாயாவுக்கு உதவித்தொகையில் ஆள் அனுப்புவதை நிறுத்திய ஆண்டு. போர் அலமாரியில் அதே தோட்டத்து ஆட்கள் ஜப்பானியர் சயாமிலிருந்து பர்மாவுக்குப் போட்ட 415 கிலோமீட்டர் மரண ரயில் பாதைக்குக் கொண்டுபோகப்படுகிறார்கள், பலர் திரும்பவில்லை. ரப்பரும் வெள்ளீயமும் எண்ணெயும் வேண்டித்தான் ஜப்பான் தெற்கே வந்தது என்பதையும் இத்தோடு வைத்துப் பாருங்கள். ‘அதனால் என்ன?’ என்று கேட்டால் சொல்ல இப்போது ஏதோ இருக்கிறது இல்லையா.

ரப்பர் பிடிக்காதவர்கள் தண்ணீரைப் பிடிக்கலாம். 1942 ஜனவரி 31-இல் ஜொகூரையும் சிங்கப்பூரையும் இணைத்த பாலத்தைப் பிரிட்டிஷ் தரப்பு தகர்த்தபோது ஜொகூர் தண்ணீர்க் குழாயும் அதோடு போனது. நீர்த்தேக்கங்கள் தீவின் நடுவில், அதைத்தான் ஜப்பானியர் பிடித்தார்கள். நகரத்துக் குழாய்கள் குண்டில் உடைந்து ஒழுகின. சரணடைவைப் பற்றி எழுதும்போது இதை எழுதாமல் விடாதீர்கள்.

பிடித்துக்கொண்டு போக இன்னும் நல்ல கயிறு காம்பியர், தோல் பதனிட உதவும் ஒரு செடி. அதன் இலையை வேகவைத்துத்தான் சாறு எடுப்பார்கள், விறகு மலைமலையாக வேண்டும், ஆகவே தோட்டத்துக்கு ஒரு காடு, அடுப்புக்கு ஒரு காடு என்று அழிந்தது. சில ஆண்டுகளில் மண் செத்ததும் அடுத்த இடத்துக்கு நகர்ந்தார்கள், லாலாங் புல் மிஞ்சியது, புலி ஆளடித்தது. எம்ஆர்டியில் சுவா சூ காங், இயோ சூ காங் என்று அறிவிக்கிறார்களே, அந்தக் ‘காங்’ ஆறு, முன்னால் இருப்பது அங்கே தோட்டம் போட்ட சீனரின் குடும்பப் பெயர். 1819-இல் ராஃபிள்ஸ் வந்தபோதே தீவில் காம்பியர் தோட்டங்கள் இருந்தன, ‘வெறும் மீனவர் கிராமம்’ என்று எழுதும் முன் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

புத்தகத்தை எப்படிப் படிப்பது என்பதற்கு என்னிடம் ஒரே ஒரு வித்தைதான். முதல் பக்கத்தைத் திறக்காதீர்கள், கடைசியில் இருக்கும் சொல்லடைவைத் திறங்கள். பருமனான ஒரு போர்ப் புத்தகத்தில் தளபதிகளின் பெயருக்கு நேரே அரைப் பக்கத்துக்கு எண்கள் இருந்தன, ‘தமிழர்’ என்பதற்கு இரண்டே எண்கள். அந்தப் புத்தகம் எங்கே நின்றுகொண்டு பார்க்கிறது என்று அப்போதே தெரிந்துவிடும். சரணடைந்து இரண்டு நாள் கழித்து ஃபேரர் பார்க்கில் பிரிட்டிஷ் படையின் 40,000-க்கும் மேற்பட்ட இந்தியச் சிப்பாய்களைப் பிரித்து ஜப்பானியரிடம் ஒப்படைத்தார்கள், நான் பந்து விளையாடிய இடம் அது, தேக்காவிலிருந்து நடக்கிற தூரம். இதற்குச் சில புத்தகங்கள் ஒரு வாக்கியம்தான் தருகின்றன.

பழைய ஆவணத்தைக் கொடுத்து எவ்வளவு நம்பலாம் என்று கேட்கும் ஆதாரக் கேள்விக்கும் இதே பழக்கம்தான் கைகொடுத்தது. தோட்டத்து நிலையைப் பற்றித் துரை மேலிடத்துக்கு எழுதிய அறிக்கை வந்தால், ‘அவர் வெள்ளைக்காரர், ஆகவே நம்ப முடியாது’ என்று எழுதி முடித்துவிடாதீர்கள், அதற்கு மதிப்பெண் வராது. யாருக்கு எழுதினார், எதை வாங்குவதற்காக எழுதினார் என்று பாருங்கள். அப்புறம் தேசிய ஆவணக் காப்பகத்தின் வாய்மொழி வரலாற்றில் தமிழிலேயே பேசிய பதிவுகள் இருக்கின்றன, ஒன்றையாவது கேளுங்கள். அவர்களும் மறப்பார்கள், மாற்றிச் சொல்வார்கள், எங்கள் பாட்டியே ஒரே கதையை இரண்டு வருடத்தில் இரண்டு விதமாகச் சொன்னவர்தான். இரண்டையும் பக்கத்தில் வைத்துச் சரிபார்க்கத்தான் தேர்வில் கேட்கிறார்கள்.

கடைசியில் ஓ லெவலில் பி3 வந்தது, ஏ1 எல்லாம் இல்லை. அக்கா மகளுக்கு அது போதவில்லை, முகத்திலேயே தெரிந்தது. இருந்தாலும் சனிக்கிழமை நூலகத்துக்கு வருகிறேன் என்றிருக்கிறாள். 11-ஆம் மாடிப் புத்தகங்களை வீட்டுக்குத் தரமாட்டார்கள், அங்கேயே உட்கார்ந்து குறிப்பெடுக்க வேண்டும், ஸ்வெட்டர் கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன், ஏர்கான் உறைய வைக்கும்.