காது கேளாத அக்காவுக்கு மகன் திரும்பக் கிடைத்த வழி

என் அக்காவுக்குப் பிறந்ததிலிருந்தே காது கேட்காது, பேச்சும் வராது. இலங்கையில் நுவரெலியா மாவட்டத்து நோர்வூட் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறாள். அவளுடைய மகனுக்குப் பெருமூளை வாதம். தானாக உட்காரவோ நடக்கவோ முடியாது. 2024இல், அவனுக்கு ஆறு வயதாக இருக்கும்போது, நீதிமன்றக் கட்டளையின்படி அவனை ஒரு சிறுவர் இல்லத்தில் சேர்த்தார்கள். இப்போது வீட்டில்தான் இருக்கிறான். இடையில் நடந்ததை எழுதி வைக்கிறேன். யாரிடம் போய் என்ன கேட்பது என்று தெரியாமல், "அரசாங்கம் எடுத்துட்டாங்க, இனி அவ்வளவுதான்" என்று பிள்ளையை விட்டுவிட்ட குடும்பங்களை எங்கள் பக்கத்தில் எனக்குத் தெரியும்.

ஐந்து வயது வரை அவன் பகலில் பிள்ளைக்காம்பராவில், அதாவது தோட்டத்துப் பிள்ளை பராமரிப்பு நிலையத்தில், இருந்தான். அங்கே அவனைப் பார்த்துக்கொண்ட ஆயாவுக்கு அவன் மேல் தனிப் பிரியம். வயது கடந்ததும் அங்கே வைத்துக்கொள்ள முடியாது என்றார்கள். அக்காவின் கணவரான மச்சானுக்குக் கொழும்பில் ஹோட்டல் வேலை, மாதத்துக்கு ஒருமுறைதான் வருவார். நான் ஹட்டன் டவுனில் ஒரு கடையில் கணக்கெழுதுகிறேன். பக்கத்துக் காம்பரா பாட்டிதான் அவனைப் பார்த்துக்கொண்டார். அவர் படுத்த படுக்கையானதும், அக்கா கொழுந்து பறிக்க மலைக்குப் போகும் நேரத்தில் அவன் தனியாக இருக்க வேண்டி வந்தது. நாற்காலியிலிருந்து சரிந்து விழாமல் இருக்க இடுப்பில் ஒரு துணிப்பட்டி போட்டு, கதவைச் சாத்திவிட்டுப் போவாள். தேநீர் நேரத்திலும் சாப்பாட்டு நேரத்திலும் ஓடி வந்து பார்ப்பாள்.

யாரோ 1929 என்ற சிறுவர் உதவித் தொலைபேசி எண்ணுக்கு அழைத்து, பிள்ளையைக் கட்டிப் போட்டுவிட்டுத் தாய் வேலைக்குப் போகிறாள் என்று சொல்லியிருக்கிறார்கள். அழைத்தவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆறு வயதுப் பிள்ளை தனியாகக் கிடந்தது உண்மை. அதைப் பார்த்து ஒருவர் பதறினால் அது நல்ல மனசுதான். அந்தப் பட்டி, கிளினிக்கில் பிசியோதெரபி மிஸ் போடச் சொல்லிக் கொடுத்தது. அதைச் சொல்ல வேண்டியவள் அக்கா. அவளால் சொல்ல முடியவில்லை.

பொலிசில் எழுதிய வாக்குமூலம் சிங்களத்தில் இருந்தது. பிறகு அதை வாசித்துக் கேட்டபோது ஒரு வரி என்னை உலுக்கிவிட்டது: கேட்ட கேள்விகளுக்குத் தாய் பதில் சொல்லவில்லை என்று இருந்தது. காது கேளாதவர் என்ற குறிப்பு எங்கேயும் இல்லை. வாசிக்கிறவருக்கு அக்கா எதையோ மறைக்கிற ஒருத்தியாகத்தான் தெரிவாள். அந்தக் காகிதம்தான் முதலில் நீதவானுக்கு முன்னால் போனது.

முதலில் நான் போனது சட்ட உதவி ஆணைக்குழுவுக்கு. வருமானம் குறைந்தவர்களுக்கு அவர்கள் காசில்லாமல் ஆஜராவார்கள். அங்கே இருந்த சட்டத்தரணி பொறுமையாக விளங்கப்படுத்தினார். இந்த மாதிரி வழக்குகள் 1939ஆம் ஆண்டின் சிறுவர், இளம் ஆட்கள் கட்டளைச் சட்டத்தின் கீழ் வருகின்றன. பராமரிப்பு தேவைப்படும் பிள்ளை என்று கண்டால் நீதவான் இல்லத்துக்குத்தான் அனுப்ப வேண்டும் என்று கிடையாது. உறவினர் ஒருவரைத் தகுந்த ஆளாக ஏற்று அவரிடம் ஒப்படைக்கலாம். ஒழுங்காகப் பார்த்துக்கொள்வோம் என்று பெற்றோரிடம் பிணைமுறி எழுதி வாங்கலாம். நன்னடத்தை உத்தியோகத்தரின் மேற்பார்வையில் வீட்டிலேயே விடலாம். இத்தனை வழி இருப்பது அன்றுவரை எங்களுக்கு யாரும் சொல்லாத விஷயம்.

இன்னொன்றும் சொன்னார். மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றிய ஐ.நா. சமவாயத்தை இலங்கை 2016இல் ஏற்று உறுதிப்படுத்தியிருக்கிறது. பிள்ளையின் இயலாமையையோ பெற்றோரின் இயலாமையையோ காரணம் காட்டி அவர்களைப் பிரிக்கக் கூடாது என்று அதன் 23ஆம் உறுப்புரை சொல்கிறது. "ஆனா தங்கச்சி, இதைச் சொன்னா மட்டும் காணாது. பகல்ல யார் பார்ப்பாங்க, அதுக்குப் பதில் கொண்டு வாங்க" என்றார்.

எனக்கு வழி தெரிந்தது அந்தப் பேச்சில்தான். அதுவரை எல்லோரும் எங்களிடம் கேட்டது அக்காவால் முடியுமா என்பதைத்தான். காது கேட்காதவள் எப்படிப் பிள்ளை வளர்ப்பாள், ராத்திரி அழுதால் எப்படித் தெரியும் என்றெல்லாம் கேட்டார்கள். ஆறு வருடமாக அவள் வளர்த்துத்தான் இருக்கிறாள். குறையாக இருந்தது பகலில் சில மணி நேரம் மட்டும்தான்.

நன்னடத்தை உத்தியோகத்தர், நாங்கள் சொல்லும் புரொபேஷன் மிஸ், வீட்டைப் பார்க்க வந்தார். அவருடைய சமூக அறிக்கையை வைத்துத்தான் நீதவான் முடிவெடுப்பார் என்பதால் அந்த வருகை முக்கியம். பிள்ளையையும் அன்று இல்லத்திலிருந்து கூட்டி வரச் செய்திருந்தார், தாயும் பிள்ளையும் எப்படி இருக்கிறார்கள் என்று பார்க்க. அவன் நன்றாக மெலிந்திருந்தான். இல்லத்தில் இருந்தவர்கள் கெட்டவர்கள் இல்லை. ஒரே ஆள் பல பிள்ளைகளுக்குச் சோறூட்ட வேண்டிய இடத்தில், ஒரு வாய்க்கு இவ்வளவு நேரம் எடுக்கும் பிள்ளைக்கு யார் உட்கார்ந்து ஊட்டுவது?

அக்கா சோற்றைப் பருப்புத் தண்ணீர் விட்டுக் குழையப் பிசைந்தாள். அவனை மடியில் சாய்த்து, தலையைத் தன் முழங்கையில் தாங்கி, ஒரு சிறு உருண்டை வைத்தாள். பிறகு இரண்டு விரலை அவன் தொண்டையில் லேசாக வைத்துக் காத்திருந்தாள். தொண்டை ஏறி இறங்கியது விரலில் தெரிந்த பிறகுதான் அடுத்த உருண்டை. ஒரு தடவை புரை ஏறப் பார்த்தபோது, அவன் இருமுவதற்கு முன்பே அவனை முன்னால் சாய்த்துவிட்டாள். புரொபேஷன் மிஸ் எழுதுவதை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். ராத்திரி எப்படி என்று கேட்டார். அக்கா படுத்துக் காட்டினாள்: அவன் முதுகு அவள் வயிற்றோடு ஒட்டியிருக்கும், ஒரு கை அவன் நெஞ்சில் இருக்கும். அவன் அசைந்தால் விழித்துக்கொள்வாள். இரண்டும் அறிக்கையில் இடம்பெற்றன.

அறிக்கை நல்லபடி வரும் என்று தெரிந்தாலும், அக்கா தன் வாயால் சொல்ல முடியாததை நீதிமன்றத்தில் எப்படிச் சொல்வது என்ற பிரச்சினை இருந்தது. சைகை மொழிபெயர்ப்பாளர் ஒருவரை வரவழைத்தார்கள். அவர் கெட்டிக்காரர். ஆனால் அக்கா செவிப்புலனற்றோர் பாடசாலைக்குப் போனதே இல்லை. அவளுக்குத் தெரிந்தது எங்கள் லயத்தில் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில்) நாங்களே வளர்த்த சைகைகள் மட்டும்தான். இப்படிப்பட்டவர்கள் தோட்டங்களில் நிறையப் பேர். நான் சொன்னால் தங்கைதானே என்று எடைபோடுவார்கள் என்று சட்டத்தரணி யோசித்தார். எனவே ஓய்வு பெற்றிருந்த பிள்ளைக்காம்பரா ஆயாவைக் கூட்டிப் போனோம். ஆயா அக்காவின் சைகையைத் தமிழில் சொல்ல, மொழிபெயர்ப்பாளர் சரிபார்த்துக்கொண்டார். வாக்குமூலத்தில் இருந்த அந்த வரியும் அன்றுதான் திருத்தப்பட்டது. குடும்பத்தில் யாருக்காவது பேச்சு வராது என்றால், பொலிசிலேயே அதை எழுதச் சொல்லுங்கள். எழுதியதை வாசித்துக் காட்டச் சொல்லி, நீங்கள் ஒப்பமிடும் முன்பே கேளுங்கள். நுவரெலியா மாவட்டத்தில் தமிழில் அலுவல் நடத்திக்கொள்ள நமக்கு உரிமை இருக்கிறது.

பகல் நேரத்துக்குப் பதிலும் அந்த ஆயாவிடமிருந்தே கிடைத்தது. "பகலில் நான் பார்த்துக்கொள்கிறேன், என் கைச்செலவுக்கு ஏதாவது கொடுங்கள், போதும்" என்றார். அந்தக் காசு எங்கிருந்து வரும்? பிரதேச செயலகத்தில் நடந்த கலந்துரையாடலில் இதுதான் முக்கிய பேச்சு. புரொபேஷன் மிஸ், சிறுவர் உரிமைகள் மேம்பாட்டு உத்தியோகத்தர், சமூக சேவை உத்தியோகத்தர், மிட்வைஃப் மிஸ் எல்லோரும் ஒரே மேசையில் உட்கார்ந்திருந்தார்கள். தனித்தனியாக ஓடினால் ஒவ்வொருவரும் அடுத்தவரைக் கைகாட்டுவார்கள். ஒன்றாக உட்கார்த்தினால் வேலை நடக்கிறது. அப்படியொரு கூட்டம் வையுங்கள் என்று எழுத்தில் கேட்டது நான் செய்ததிலேயே பயனுள்ள காரியம் என்று நினைக்கிறேன்.

அங்கேதான் தெரிந்தது, மாற்றுத்திறனாளிக் கொடுப்பனவுக்கு அவன் பெயர் பதிவாகவே இல்லை என்பது. மருத்துவச் சான்றிதழ் கேட்டு அனுப்பிய கடிதம் தோட்ட ஒபிசில் ஒரு கட்டோடு கிடந்திருக்கிறது. லயத்துக் காம்பராவுக்கு என்று தனி விலாசம் இல்லாததால் வரும் கேடு இது. வழக்குத் தவணைக் கடிதமும் இப்படித்தான் தவறிப்போகும். அதனால் எல்லாப் படிவத்திலும் கடை விலாசத்தையும் என் போன் நம்பரையும் எழுத ஆரம்பித்தேன். அரசாங்க டொக்டரின் சான்றிதழ், ஜி.எஸ். (கிராம சேவகர்) சிபாரிசு, பிறப்புச் சான்றிதழ் மூன்றும் சேர்ந்ததும் கொடுப்பனவு கிடைத்தது. அப்போது மாதம் 7,500 ரூபாய். நாட்சம்பளம் 1,350 ஆன சமயம் அது. ஆறு நாள் பேருக்குக்கூட, அதாவது நாட்கூலிக்குக்கூட, காணாத காசு. 2025இல் அது 10,000 ஆனது. பெரும் பகுதி ஆயாவுக்குப் போகிறது. மிச்சம் கிளினிக் பயணத்துக்கு. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் ஏற முடியாததால் த்ரீவீலர்தான், அன்றைய பேரும் போய்விடும்.

தோட்டத்திலும் பேசினோம். லயத்துக்குக் கிட்ட இருக்கும் மலையில் அக்காவுக்கு வேலை கொடுக்க உடன்பட்டார்கள். அதையும் கடிதமாக வாங்கி வழக்கில் சேர்த்தோம். வாய்ப்பேச்சு நீதிமன்றத்தில் நிற்காது.

கடைசியில் மச்சானும் அக்காவும் பிணைமுறியில் கையெழுத்து வைக்க, நன்னடத்தை உத்தியோகத்தரின் மேற்பார்வையில் பிள்ளையை வீட்டுக்கு விட்டார் நீதவான். கட்டளையை ஆயா சைகையில் சொன்னபோது அக்கா நம்பவில்லை. திரும்பத் திரும்ப என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். லயத்திலிருந்து ரோட்டுக்கு இருக்கும் படிகளில் சமூக சேவையிலிருந்து கிடைத்த சக்கர நாற்காலியை இறக்க முடியாது. அது இஸ்தோப்பில், அதாவது வாசல் திண்ணையில்தான் நிற்கிறது. ஆயாவுக்கும் வயதாகிறது. பிள்ளைக்காம்பராவில் விசேட தேவையுடைய பிள்ளைகளை ஐந்து வயதுக்குப் பிறகும் பகலில் வைத்துக்கொள்ள ஏற்பாடு இருந்திருந்தால் இந்த வழக்கே வந்திருக்காது. ஒரு பிள்ளையை இல்லத்தில் வைத்துப் பார்க்கும் செலவில் கொஞ்சத்தை அதற்குக் கொடுத்தால் போதும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். இதை எழுதிப் பிரதேச செயலகத்திலும் தோட்டத்திலும் கொடுத்திருக்கிறேன். விசேட கல்வி அலகு உள்ள பாடசாலையில் அவனைச் சேர்க்க வலயக் கல்விப் பணிமனைக்கும் விண்ணப்பம் போயிருக்கிறது. பதில் கடை விலாசத்துக்கு வரும்.