கொடியில் ஒரு கவுன்

"என்னட்டி, ஒரு பக்கம் எறங்கிக் கெடக்கு?"

காலையில் ஆச்சி கேட்டபோதுதான் பார்த்தேன். நேற்றிரவு கொடியில் மாட்டிய கவுனின் ஓரம், ஒரு பக்கம் மட்டும் இரண்டு விரற்கடை நீண்டிருந்தது.

எனக்கு ஒரே சந்தோஷம். இதற்காகத்தான் கீழ் மடிப்பு அடிக்காமல் காத்திருந்தேன்.

வீரவநல்லூர் கைத்தறித் துணி. பாவும் ஊடையும் (நெடுக்கிலும் குறுக்கிலும் போகும் இழைகள்) நேராக ஓடுவதை 45 டிகிரி திருப்பிப் போட்டு வெட்டினேன். ரவிக்கைக்கு வெட்டும் அதே கிராஸ் கட்டிங்தான், ஆனால் இதில் கவுன் முழுக்கவே கிராஸ்.

உடம்புக்கு ஏற்றபடி துணியைப் பிடித்துத் தைக்கும் டாட் இல்லை, ஜிப் இல்லை. இழை சாய்ந்து நிற்பதால் துணி தானாக நெகிழ்ந்து கொடுக்கிறது. தன் எடையில் இறங்கவும் செய்கிறது. ஒரு நாளாவது தொங்கவிட்டு, அது இறங்கி முடித்த பிறகுதான் ஓரம் வெட்ட வேண்டும்.

1920களில் பாரிஸில் மதலேன் வியோனே என்ற ஆடை வடிவமைப்பாளர் இப்படித்தான் கவுன்கள் செய்தார். முதலில் சின்ன மரப் பொம்மையில் துணியைச் சுற்றிப் பார்ப்பாராம். எவ்வளவு பொறுமை!

நேராக வெட்டினால் துணி நாம் சொன்னபடி நிற்கும். இதில் அது எங்கே போய் நிற்கிறது என்று நாம்தான் பார்த்திருக்க வேண்டும். எனக்கு இது ரொம்பப் பிடித்திருக்கிறது.

அப்புறம் கவுனைப் போட்டுக்கொண்டு நடுவீட்டில் நின்றேன். ஆச்சி தரையில் உட்கார்ந்து, ஸ்கேலை நிறுத்தி, சுற்றிச் சுற்றிச் சாக்பீஸால் குறி போட்டாள்.

"அசையாதட்டி."